பிளாஸ்டிக் பெட்ரோல் டேங்கில் பெயிண்ட் ஏன் கொப்பளிக்கிறது? காரணம், பரிசோதனை, தீர்வு: முழுமையான வழிகாட்டி

பெயிண்ட் அடித்து முடித்த அன்று டேங்க் கண்ணாடியாக மின்னும். அப்புறம் ஒரு நாள், வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு வந்து பார்த்தால் பக்கவாட்டில் கடுகளவு ஒரு புடைப்பு தெரியும். விரலால் அழுத்தினால் அமுங்கும், விரலை எடுத்தால் மெல்ல மேலே வரும். சில வாரங்களில் அது மிளகளவாகி, பக்கத்தில் இருப்பவற்றோடு சேர்ந்து, கடைசியில் பெயிண்ட் தோலாகவே உரிந்து வரும்.

நான் முதன்முதலில் அடித்த பிளாஸ்டிக் டேங்குக்கும் இதுதான் நடந்தது. சரியாகத் தேய்க்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு இரண்டாம் முறை இன்னும் பொறுமையாக அடித்தேன். இந்த முறை முன்பைவிடச் சீக்கிரமாகவே கொப்பளித்தது. கோளாறு என் கைவேலையில் இல்லை, டேங்கின் சுவரிலேயே இருக்கிறது என்று அதற்குப் பிறகுதான் புரிந்தது. அதை முதலிலேயே தெரிந்துகொண்டால் பெயிண்டும் உழைப்பும் மிச்சமாகும் என்பதால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

சுவர் வழியாக வெளியேறும் பெட்ரோல்

இரும்பு டேங்கில் பெயிண்ட் கொப்பளித்தால் பெரும்பாலும் அடியில் துரு இருக்கும். பெட்ரோல் இரும்பைத் துளைத்துக்கொண்டு வராது. பிளாஸ்டிக் கதை வேறு.

பிளாஸ்டிக் டேங்குகளில் பெரும்பாலானவை பாலிஎத்திலீனால் ஆனவை. நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் சில இடங்களில் நெருக்கமாக அடுக்கியும், சில இடங்களில் நூல்கண்டு சிக்கியதுபோலத் தளர்வாகவும் கிடக்கின்ற பொருள் அது. பெட்ரோலும் பாலிஎத்திலீனும் கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரே ஹைட்ரோகார்பன் குடும்பம் என்பதால் ஒன்றையொன்று ஏற்றுக்கொள்ளும். உள்பக்கச் சுவரில் பெட்ரோல் மூலக்கூறுகள் கரைந்து நுழைகின்றன, தளர்வான பகுதிகள் வழியாக நகர்கின்றன, வெளிப்பக்கத்தை அடைந்ததும் ஆவியாகிப் பறந்துவிடுகின்றன. ஓட்டை எதுவும் இல்லை, கசிவும் இல்லை. டேங்கைத் தடவிப் பார்த்தால் காய்ந்தேதான் இருக்கும். ஆனாலும் இரவும் பகலும் பெட்ரோல் வெளியே வந்துகொண்டே இருக்கிறது. இதை ஊடுருவல் என்பார்கள்.

வெறும் டேங்கில் இதனால் கண்ணுக்குத் தெரியும் கெடுதல் ஒன்றும் இல்லை. அதன்மேல் பெயிண்டோ ஸ்டிக்கரோ ஏறும்போதுதான் தகராறு தொடங்குகிறது. வெளியே வரும் பெட்ரோல் அந்தப் படலத்துக்கு அடியில் தேங்குகிறது. முதலில் பெயிண்டின் பிடிப்பைத் தளர்த்துகிறது. அப்புறம் பெயிண்டுக்குள்ளேயே ஊறி அதை மென்மையாக்கி உப்ப வைக்கிறது. உப்பிய படலம் முன்பிருந்த பரப்பில் அடங்காமல் மேல்நோக்கி வளைகிறது. வெயில் ஏறினால் கதை முடிந்தது. பெட்ரோலில் இருக்கும் பென்டேன் 36 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும், பியூட்டேன் அதற்கும் வெகு கீழே. வெயிலில் நிற்கும் டேங்க் அந்தச் சூட்டைச் சுலபமாகத் தாண்டிவிடும். அடியில் சேர்ந்த ஆவி விரிந்து படலத்தைத் தூக்குகிறது.

அளவு எவ்வளவு என்று கேட்டால், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008 மாடல் ஆண்டு முதல் மோட்டார் சைக்கிள் டேங்குகளுக்கு வைத்த உச்சவரம்பை எடுத்துக்கொள்ளலாம்: ஒரு சதுர மீட்டர் சுவருக்கு ஒரு நாளைக்கு 1.5 கிராம். இந்த வரம்புக்குள் அடங்கும் நல்ல டேங்கிலேயே, உள்ளங்கையளவு பரப்பான 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் வழியாக நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் வரை வரலாம். எந்தச் சிகிச்சையும் செய்யாத பாலிஎத்திலீன் டேங்கில் இது பல மடங்கு. சூடு 10 டிகிரி ஏறினால் ஊடுருவல் ஏறத்தாழ இரட்டிப்பாகும். சுவர் மெலிந்த இடத்தில் இன்னும் கூடும். இன்ஜின் சூடு படும் பக்கத்திலும், வார்ப்பில் சுவர் மெலிந்துபோகும் வளைவுகளிலும் கொப்புளம் முதலில் வருவது இதனால்தான்.

இன்னொரு கேள்வி எல்லோருக்கும் வரும். இரண்டு மாதம் நன்றாக இருந்த பெயிண்ட் திடீரென்று ஏன் கெடுகிறது? பெட்ரோல் சுவர் முழுக்க ஊறி மறுபக்கம் எட்டவே காலம் பிடிக்கும். ஊடுருவலை அளக்கும் முன் டேங்கை 28 டிகிரி சூட்டில் 20 வாரம் எரிபொருளோடு ஊறவைக்கச் சொல்கிறது அமெரிக்கப் பரிசோதனை முறை. 43 டிகிரி என்றால் 10 வாரம். புது டேங்கில் அடித்த பெயிண்ட் முதல் மாதங்களில் ஏமாற்றுவதற்கும், ஏற்கெனவே ஊறிய பழைய டேங்கில் சில நாட்களிலேயே கொப்பளிப்பதற்கும் இதுதான் விளக்கம். என் இரண்டாம் முயற்சி முதலாவதைவிடச் சீக்கிரம் கெட்டதும் இப்படித்தான்.

பாலிஎத்திலீனில் எதுவும் ஒட்டாது

பெட்ரோலே ஊற்றாவிட்டாலும் பாலிஎத்திலீன் பெயிண்டுக்கு ஏற்ற பரப்பு இல்லை. ஒரு திரவம் பரப்பின்மேல் பரவி ஒட்ட வேண்டுமென்றால் அந்தப் பரப்புக்குப் போதிய மேற்பரப்பு ஆற்றல் வேண்டும். பாலிஎத்திலீனுக்கு அது மீட்டருக்குச் சுமார் 31 மில்லிநியூட்டன்தான். தண்ணீர் தன்னையே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் மேற்பரப்பு இழுவிசையோ அதே அலகில் 72, இரண்டு மடங்குக்கும் மேல். ஆகவே டேங்கில் தண்ணீர் தெளித்தால் தாமரை இலையில் போல உருண்டு நிற்கும். பெயிண்டும் அப்படித்தான், ஒட்டியதுபோல் காட்டிக்கொண்டு மேலே உட்கார்ந்திருக்கும். பிடிப்பே இல்லாத படலத்துக்கு அடியில் ஆவி அழுத்தினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

படி 1: உங்கள் டேங்க் என்ன பொருள்?

முதலில், நீங்கள் பார்ப்பது டேங்க்தானா என்று உறுதி செய்யுங்கள். இப்போதைய வண்டிகள் பலவற்றில் மேலே தெரிவது ஏபிஎஸ் (ABS) என்ற வகைப் பிளாஸ்டிக்கால் ஆன கவர் மட்டுமே. உண்மையான டேங்க் அதற்கு அடியில் இருக்கும். கவர் என்றால் கவலையை விடுங்கள், அதற்கு வழக்கமான முறையில் பெயிண்ட் அடிக்கலாம்.

டேங்கேதான் என்றால் அடிப்பக்கத்தில் அச்சுக்குறி தேடுங்கள். பி.இ. (PE), எச்.டி.பி.இ. (HDPE), எக்ஸ்.எல்.பி.இ. (XLPE) என்றிருந்தால் பாலிஎத்திலீன் வகை. பி.ஏ. 6 (PA6) என்றால் நைலான். குறி இல்லையென்றால், போல்ட் மாட்டும் விளிம்பின் ஓரத்தில் வார்ப்புப் பிசிறாகத் துருத்தி நிற்கும் துணுக்கை மட்டும் சீவி எடுங்கள். டேங்க் சுவரில் கத்தியே வைக்கக் கூடாது. அந்தத் துணுக்கை, ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் போட்டு உள்ளே அமுக்கி விடுங்கள். மேலே வந்து மிதந்தால் பாலிஎத்திலீன், மூழ்கினால் நைலான் அல்லது ஃபைபர் கிளாஸ். கண்ணாடி இழைகள் தெரிந்தால் ஃபைபர்.

இந்த வேறுபாடு முக்கியம். நைலான் வெறும் பெட்ரோலை நன்றாகத் தடுக்கும், பெயிண்டும் ஓரளவு பிடிக்கும். ஆனால் எத்தனால் கலந்த பெட்ரோல் நைலானுக்குள் ஊறும், ஈரத்தையும் நைலான் உறிஞ்சும். டேங்கே உப்பி, போல்ட் துளைகள் இடம் மாறுவதுகூட உண்டு. அப்போது பெயிண்ட் கொப்பளிப்பது இரண்டாவது கவலைதான். ஃபைபர் கிளாஸ் டேங்கில் எத்தனால், இழைகளைப் பிணைக்கும் ரெசினையே மென்மையாக்கிவிடும். அங்கே கொப்புளம் தெரிந்தால் சுவர் கெட்டுவருகிறது என்று எடுத்துக்கொண்டு, பெயிண்டை மறந்து டேங்கையே பரிசோதியுங்கள். இனி வருவது பெரும்பாலும் பாலிஎத்திலீனைப் பற்றியது.

படி 2: கொப்புளம் என்ன சொல்கிறது?

எல்லாக் கொப்புளமும் ஊடுருவல் அல்ல. பெயிண்ட் அடித்த சில மணி நேரத்தில் ஊசிமுனை அளவில் கூட்டமாக வந்தால், முதல் கோட் காயும் முன் அடுத்ததை அடித்ததால் தின்னர் உள்ளே சிக்கியிருக்கிறது. மூடியைச் சுற்றி மட்டும் சுருங்கி உரிந்தால், பெட்ரோல் போடும்போது மேலே சிந்தியது. எண்ணெய்ப் பிசுக்கோ சிலிக்கான் பாலிஷோ இருந்த இடத்தில் பெயிண்ட் காயும் முன்பே பள்ளம் பள்ளமாக விலகி நிற்கும்.

ஊடுருவல் கொப்புளம் வாரங்கள் கழித்து வரும், பரப்பெங்கும் சிதறியிருக்கும், வெயிலில் பெருத்து இரவில் தளரும். ஒன்றை ஊசியால் கீறி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்தால் சந்தேகமே வேண்டாம். ஊசி பெயிண்டோடு நிற்க வேண்டும், பிளாஸ்டிக்கில் இறங்கக் கூடாது.

டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது கொப்புளத்துக்கு மூல காரணம் அல்ல, ஆனால் அடைத்திருந்தால் வெயிலில் டேங்குக்குள் அழுத்தம் ஏறும். அது வேறு வகையில் ஆபத்து.

படி 3: கழற்றுவது

இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றில் வெறும் 1.4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து தூரத்தில் இருக்கும் அடுப்பையோ சுவிட்ச் பொறியையோ போய்ச் சேரும். வேலை திறந்த வெளியில்தான்.

- இன்ஜின் ஆறிய பிறகு பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள்.
- பெட்ரோலை அதற்கென்று உள்ள கேனில் வடித்து, மூடி, தூரமாக வையுங்கள்.
- டேங்கைக் கழற்றி, மூடியைத் திறந்து, நிழலில் காற்றாட விடுங்கள். ஓரிரு நாள் போதாது. சுவரில் ஊறியது வெளியேறச் சில வாரங்கள் ஆகும்.
- டேங்கைக் காய்ந்த துணியால் அழுத்தித் தேய்க்காதீர்கள். பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, ஆவி இருக்கும் இடத்தில் பொறி தட்டலாம். ஈரத்துணியே நல்லது.
- ஒருமுறை பெட்ரோல் கண்ட டேங்க் பக்கத்தில் ஹீட் கன், தீச்சுடர், வெல்டிங் எதுவும் வேண்டாம். வாசனை போய்விட்டது என்றாலும் வேண்டாம். இன்று வாசனை இல்லாத டேங்கை மூடிவைத்து ஒரு வாரம் கழித்துத் திறந்தால் மறுபடி வாசனை வரும், சுவர் இன்னும் விட்டுக்கொண்டே இருக்கிறது.

படி 4: பழைய பெயிண்டை எடுப்பது

பிடிப்பில்லாத பெயிண்ட் என்பதால் இது எதிர்பார்ப்பதைவிடச் சுலபம். கொப்புளத்தின் ஓரத்தில் பிளாஸ்டிக் சுரண்டியை நுழைத்தால் பட்டை பட்டையாக வரும். இரும்புக் கத்தி வேண்டாம். பெயிண்ட் ரிமூவரும் வேண்டாம், நைலானையும் ஃபைபரையும் அது கெடுக்கும். பாலிஎத்திலீனுக்கும் தேவையில்லை. மிச்சத்தை வாட்டர் பேப்பரால் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து எடுங்கள். 240ஆம் எண் பேப்பரில் தொடங்கி 400, 600 என்று போகலாம். காய்ந்த நிலையில் தேய்த்தால் பாலிஎத்திலீன் மயிர் மயிராக எழும்பும், நிலைமின்சாரமும் வரும், ஆகவே எப்போதும் ஈரமாகவே தேயுங்கள். பள்ளங்களை நிரப்பப் பட்டி பூசுவதில் பயனில்லை, பெயிண்டுக்கு முன்பே பட்டி கழன்றுவிடும்.

டேங்குக்கு உள்ளே நட்டு, ஜல்லி போட்டுக் குலுக்கிச் சுத்தம் செய்யும் பழக்கத்தைப் பிளாஸ்டிக் டேங்கில் விட்டுவிடுங்கள். சில டேங்குகளின் உள்சுவரில் ஃபுளோரின் வாயுவால் மெல்லிய தடுப்புப் பூச்சு உண்டாக்கியிருப்பார்கள். பெட்ரோலைத் தடுப்பதே அதுதான்.

படி 5: ஸ்டிக்கர் சோதனை

வண்டியில் மாட்டி, பெட்ரோல் நிரப்பி, காற்றோட்டமான இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் பக்கம் ஒன்று, மேலே ஒன்று, வளைவில் ஒன்று என்று மூன்று இடங்களில், துளையில்லாத தெளிவான வினைல் ஸ்டிக்கரை உள்ளங்கையளவு வெட்டிக் காற்று சிக்காமல் ஒட்டுங்கள். வழக்கம்போல ஓட்டுங்கள். பழைய டேங்க் என்றால் சில வாரங்களிலேயே அடியில் குமிழ் கிளம்பும். பசை கொழகொழவென்று ஆகும். பெட்ரோல் ஊற்றத் தொடங்கி அதிக நாள் ஆகாத டேங்க் என்றால் மேலே சொன்ன 20 வாரத்தை மனத்தில் வைத்துப் பொறுத்திருங்கள். ஒரு துண்டு ஸ்டிக்கரே தாங்காத சுவரில் பெயிண்ட் தாங்காது.

படி 6: வழியைத் தேர்ந்தெடுப்பது

என் முதல் பரிந்துரை கவர். டேங்கின்மேல் ஏபிஎஸ் அல்லது ஃபைபர் கவர் செய்து, அதற்குப் பெயிண்ட் அடித்து, டேங்குக்கும் கவருக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டு மாட்டுவது. அடிப்பக்கமும் ஓரங்களும் திறந்திருக்க வேண்டும். ஆவி தன் வழியில் போய்விடும், பெயிண்டைத் தொடாது. டேங்க் வெயிலில் உப்பினாலும் கவரில் முட்டாத அளவுக்கு இடம் விடுங்கள். தயாரிப்பாளர்களே போகும் வழி இது, நிறத்திலும் உங்களுக்கு முழுச் சுதந்திரம் கிடைக்கும்.

கவருக்கு வழியில்லையென்றால் டேங்கை வெறுமையாகவே விடுங்கள். மண் பாதையில் ஓடும் பந்தய வண்டிகளின் டேங்குகள் வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று பிளாஸ்டிக்கிலேயே நிறம் கலந்து வருவதற்கு ஒரு காரணம் இதுதான். மங்கிய டேங்கை 600, 1000, 1500 என்று ஈரமாகத் தேய்த்தால் நல்ல மங்கல் பூச்சுபோல அழகாக வரும்.

எழுத்தும் படமும் வேண்டுமென்றால் துளையிட்ட ஸ்டிக்கர். பிளாஸ்டிக் டேங்குக்கென்றே நெருக்கமான நுண்துளைகளோடு இவை கிடைக்கின்றன, ஆவி துளை வழியே போய்விடும். சாதா ஸ்டிக்கரில் நீங்களே துளையிடுவதானால், ஒட்டுவதற்கு முன் தாளோடு மேசைமேல் வைத்து மெல்லிய ஊசியால் சில மில்லிமீட்டருக்கு ஒன்றாகக் குத்துங்கள். ஒட்டிய பிறகு டேங்கின்மேல் வைத்துக் குத்தவே கூடாது. ஒட்டுவதற்கு முன் டேங்கைக் காலி செய்து காற்றாட விட்டால் பசை நன்றாகப் பிடிக்கும். இதுவும் நிரந்தரம் இல்லை, ஆனால் மாற்றுவது சுலபம்.

பெயிண்டே வேண்டும் என்றால் ஒரே ஒரு சூழ்நிலையில்தான் அதற்கு வாய்ப்பு உண்டு: ஒரு துளி பெட்ரோலும் படாத புது டேங்க், அதுவும் ஃபுளோரின் சிகிச்சை செய்தது அல்லது பல அடுக்குத் தடுப்புச் சுவர் உள்ளது. அப்படிப்பட்ட டேங்கைச் சோப்பால் கழுவி, 400இல் ஈரமாகத் தேய்த்து, நன்கு காயவிட்டு, புரோப்பேன் டார்ச்சின் நீலச் சுடரின் நுனியால் நிற்காமல் வேகமாக ஒருமுறை வருடுங்கள். பரப்பு நிறம் மாறவோ மின்னவோ கூடாது. இது மேற்பரப்பை லேசாக ஆக்ஸிஜனேற்றி ஆற்றலைக் கூட்டும். தண்ணீர் தெளித்தால் உருளாமல் படலமாகப் பரவினால் சரி. பரவாத இடத்தில் இன்னொரு முறை வருடுங்கள். அது காய்ந்ததும் தாமதிக்காமல் பாலியோலிஃபின் (பாலிஎத்திலீன் அடங்கும் குடும்பம்) பிளாஸ்டிக்குக்கான ப்ரைமர், அதன்மேல் நெகிழ்வுச் சேர்மம் கலந்த இரண்டு பாக பெயிண்ட் (அடிக்கும் முன் ஹார்டனர் கலப்பது), எல்லாம் மெல்லிய கோட்டுகளாக. தடிமனாக அடித்தால் பலம் என்று நினைப்பது இங்கே தலைகீழ், தடித்த படலம் ஆவியை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். பெட்ரோலில் ஊறினால் பாலிஎத்திலீன் டேங்க் நீள அகலத்திலேயே கொஞ்சம் வளரும் என்பதால், நெகிழ்வில்லாத பெயிண்ட் வெடித்தும் போகும்.

பழைய டேங்கை வெயிலில் காயவைத்துவிட்டு அடிக்கலாமா என்று கேட்பவர்கள் நிறைய. அடிக்கலாம், பெட்ரோல் ஊற்றாமல் அலங்காரத்துக்கு வைப்பதாக இருந்தால்.

செய்யக் கூடாத ஒன்று

இரும்பு டேங்கின் துருவுக்கு உள்ளே ஊற்றும் சீலரைப் பிளாஸ்டிக் டேங்குக்குள் ஊற்றி ஊடுருவலை நிறுத்திவிடலாம் என்று ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. வெளியே பெயிண்ட் ஒட்டாத அதே பாலிஎத்திலீன்தான் உள்ளேயும் இருக்கிறது. சீலர் சில மாதத்தில் ஏடு ஏடாகக் கழன்று பெட்ரோல் குழாயை அடைக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது இன்ஜின் நின்றுபோகும். கொப்பளித்த பெயிண்டோடு வண்டி ஓடும், அடைத்த குழாயோடு ஓடாது. பெயிண்ட் மினுமினுப்புதான் உங்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியம் என்றால், உங்கள் வண்டிக்குப் பொருந்தும் இரும்பு அல்லது அலுமினிய டேங்கைத் தேடி மாட்டிவிடுங்கள்.